அசலைத் தொடும் பணம்



கணக்கிலேயே தொடங்கிவிடலாம். திருச்சியில் கணவன், மனைவி இருவரும் சம்பளத்துக்குப் போகும் ஒரு குடும்பம் 40 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 8.5 சதவீதம், 2024-இல் சிபில் மதிப்பெண் நன்றாக இருந்தவர்களுக்குப் பொதுத்துறை வங்கிகள் சொன்ன வட்டி ஏறக்குறைய அதுதான். காலம் 20 ஆண்டு. மாதத் தவணை 34,713 ரூபாய் வருகிறது. முதல் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 6,380 ரூபாய்.

ஐந்து ஆண்டு ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினால், அந்தக் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிருப்பது 20 லட்சத்து 83 ஆயிரம். அன்றைக்கு வங்கிக்குப் போய்ப் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் 35 லட்சத்து 25 ஆயிரம் என்பார்கள். இருபது லட்சத்துக்கு மேல் கட்டியும் ஐந்து லட்சம்கூடக் குறையவில்லையே என்று அந்தக் கவுன்டரில் எழும் கோபம் நியாயமானதுதான். அசல் பாதியாகக் குறைய 13 ஆண்டு 10 மாதம் ஆகிறது. மீதிப் பாதி ஆறு ஆண்டுச் சொச்சத்தில் கரைந்துவிடுகிறது.

இதில் வங்கியின் சூது எதுவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் பாக்கி நிற்கும் அசலுக்கு மட்டுமே வட்டி போடுகிறார்கள். தொடக்கத்தில் அசல் மலையாக நிற்பதால் வட்டியும் மலையாக இருக்கிறது. தவணைத் தொகை மாறாமல் இருக்க வேண்டும் என்பதால், வட்டியை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் அசலுக்குப் போகிறது. இந்தக் கடனில் ஏறக்குறைய பன்னிரண்டாம் ஆண்டு முடியும் வரை ஒவ்வொரு தவணையிலும் வட்டியின் பங்கே பெரிது.

முன்கூட்டியே கடன் அடைக்கும் கலையின் அடிப்படையும் இதே கணக்குதான். அந்த மாதத்து வட்டியைத் தவணை ஏற்கெனவே தீர்த்துவிட்டது. அதற்கு மேல் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் வட்டிக்குப் பங்கு கொடுக்காமல் நேராக அசலைத் தொடுகிறது. முதல் மாதத்தில் 34,713 ரூபாய் செய்யும் வேலை அசலில் 6,380 ரூபாயைக் கழிப்பது. கூடுதலாக 5,000 ரூபாய் கட்டினால் அந்த ஐயாயிரமும் முழுசாக அசலில் கழிகிறது.

அதே குடும்பம் முதல் மாதத்திலிருந்து 5,000 ரூபாயைச் சேர்த்து 39,713 ரூபாயாகக் கட்டிவந்தால், கடன் 178 மாதத்தில், அதாவது 15 ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே தீர்ந்துவிடும். மொத்த வட்டி 43 லட்சத்து 31 ஆயிரத்திலிருந்து சுமார் 30 லட்சத்து 30 ஆயிரமாக இறங்குகிறது. மாதாமாதம் முடியாது, ஆண்டுக்கு ஒரு தவணை மட்டும் கூடுதலாகக் கட்ட முடியும் என்றால் 40 மாதம் குறையும். இன்னொரு வழி, சம்பளம் உயர்வதோடு தவணையையும் ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்த்துவது. முதலாண்டு 34,713, அடுத்த ஆண்டு 36,449 என்று ஏற்றிக்கொண்டே போனால் 20 ஆண்டுக் கடன் 12 ஆண்டு 3 மாதத்தில் முடிகிறது. மூன்றாவது வழியைச் சிலர் நம்பவே மாட்டார்கள். முதலாண்டில் கூடுதலாக ஒரு பைசாகூடக் கட்டாமலேயே ஏறக்குறைய எட்டு ஆண்டு மிச்சமாகிறது என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆண்டுதோறும் வரும் சிறு உயர்வு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பத்தாவது ஆண்டில் தவணை 53,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது என்பதுதான் அதன் ரகசியம். சம்பளம் அந்த வேகத்தில் உயராத வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வழி சரிப்படாது.

இங்கே ஒரு கணக்கை எல்லோரும் காட்டுவார்கள். அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். முதலாண்டு முடிவில் 2 லட்சம் ரூபாயை மொத்தமாகக் கட்டினால் மிச்சமாகும் வட்டி 7 லட்சத்துக்கு மேல். அதே 2 லட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டு முடிவில் கட்டினால் மிச்சம் ஒரு லட்சத்துக்கும் குறைவு. ‘பார்த்தீர்களா, சீக்கிரம் கட்டினால் ஏழு மடங்கு லாபம்’ என்பார்கள். எண் சரி, முடிவு அவ்வளவு சரியில்லை. இரண்டு இடத்திலும் அந்தப் பணம் சம்பாதித்தது ஆண்டுக்கு 8.5 சதவீதம்தான். முன்னதற்குப் பத்தொன்பது ஆண்டு அவகாசம், பின்னதற்கு ஐந்து ஆண்டு; வேறுபாடு அவ்வளவுதான். எந்தச் சேமிப்பிலும் இதேதான் நடக்கும்.

ஆகவே இந்த உரையின் மையக் கருத்தை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கடனை முன்கூட்டியே அடைப்பது ஒரு சேமிப்பு. கடனுக்கு என்ன வட்டியோ அதுவே அந்தச் சேமிப்பின் வருமானம். அந்த வருமானத்துக்கு வரி கிடையாது, சந்தையின் ஏற்ற இறக்கமும் கிடையாது. ஆனால் போட்ட பணத்தை நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, வீட்டில் உள்ள மற்றச் சேமிப்புகளோடு இதை ஒப்பிட வேண்டும்.

இந்த வசதியே நமக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. எச்.டி. பரேக் 1977-இல் எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கியபோது, சம்பளக்காரர் மாதத் தவணையில் வீடு வாங்குவது இந்தியாவுக்குப் புதிது. அதற்கு முன்னால் நடுத்தரக் குடும்பம் வீடு கட்டியது பி.எஃப். பணத்திலும், மனைவியின் நகையிலும், கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் கடனிலும்தான். பெரும்பாலும் ஓய்வுபெறும் வயதில். தொண்ணூறுகளில் வீட்டுக் கடன் பெருகியபோது, பல நிறுவனங்களில் ஆண்டுக்கு ஒருமுறைதான் அசலைக் கழித்தார்கள். மாதாமாதம் கட்டிய பணம் ஆண்டு முடிவு வரை அசலில் ஏறாது. கட்டிவிட்ட அசலுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முன்கூட்டியே அடைக்கப் போனால் அபராதம் வேறு. பாக்கித் தொகையில் இரண்டு சதவீதம் வாங்குவது அன்று சாதாரணம்.

அபராதத்துக்கு வங்கிகள் சொன்ன காரணத்தை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. நீண்ட காலத்துக்குப் பணம் திரட்டிக் கடன் கொடுத்திருக்கிறோம், நடுவில் போனால் எங்கள் கணக்கு கெடுகிறது என்றார்கள். நிலையான வட்டிக் கடனுக்கு இந்த வாதம் பொருந்தும். சந்தையோடு வட்டி மாறும் கடனில், வட்டி ஏறும் ஆபத்தைக் கடன்காரர் தலையில் கட்டிவிட்டு, அவர் வெளியேறும் வாசலிலும் கட்டணம் வைப்பது எந்த ஊர் நியாயம்? 2010-இல் விவகாரம் இந்தியப் போட்டி ஆணையம் வரை போயிற்று. அபராதத்தில் சட்டமீறல் இல்லை என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் 2011-இல் வங்கி வாடிக்கையாளர் சேவை பற்றி ஆராய்ந்த எம். தாமோதரன் குழு இந்த அபராதம் வேண்டாம் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் தேசிய வீட்டுவசதி வங்கி, வீட்டுவசதி நிறுவனங்களுக்கு மாறும் வட்டிக் கடனில் அபராதம் வாங்கத் தடை போட்டது. 2012 ஜூன் 5 அன்று ரிசர்வ் வங்கி அதையே வங்கிகளுக்கும் சொன்னது.

அண்மையில் இந்தத் தடை இன்னும் இறுகியிருக்கிறது. 2025 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்குப் பொருந்தும். தொழிலுக்கு அல்லாமல் தனிநபர் வாங்கிய மாறும் வட்டிக் கடனை எந்தப் பணத்தைக் கொண்டு அடைத்தாலும், எவ்வளவு சீக்கிரம் அடைத்தாலும், பகுதியாகக் கட்டினாலும் முழுதாகக் கட்டினாலும் கட்டணம் கிடையாது. நிலையான வட்டிக் கடன் வாங்கியவர்கள் மட்டும் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டுப் போக வேண்டும்.

வெளியேறும் வாசல் 2012-லேயே திறந்துவிட்டது. ஆனாலும் பெரும்பாலானோர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது 2022-க்குப் பிறகுதான்.

கொரோனாக் காலத்தில், 2020 மே மாதம், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதமாக இறங்கியது. வீட்டுக் கடன் ஏழு சதவீதத்துக்கும் கீழே கிடைத்தது. சென்னை ஓ.எம்.ஆர். முதல் கோவை அவிநாசி சாலை வரை அடுக்ககங்கள் விற்றன. 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டப்பட்டிருந்தன. அது இறங்கினால் இதுவும் இறங்கும், ஏறினால் இதுவும் ஏறும். 2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கி ஏற்றத் தொடங்கியது. 2023 பிப்ரவரி 8-க்குள் ரெப்போ 6.5 சதவீதம். ஒன்பது மாதத்தில் இரண்டரை சதவீதப் புள்ளி.

ஒரு கடனில் அது என்ன செய்தது என்று பார்க்கலாம். 40 லட்சம், 6.75 சதவீதம், 20 ஆண்டு. தவணை 30,415 ரூபாய். ஓராண்டு கட்டி முடித்தபோது பாக்கி 39 லட்சத்து 2 ஆயிரம். வட்டி 9.25 சதவீதம் ஆகிறது. இப்போது ஒரு மாத வட்டி மட்டும் 30,078 ரூபாய். தவணையை மாற்றவில்லை என்றால் அசலுக்குப் போவது மாதம் 337 ரூபாய். அந்த வட்டியிலேயே நின்றால் கடன் தீர இன்னும் 49 ஆண்டு ஆகும். பாக்கி இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்திருந்தால் வட்டியையே தவணை தாங்காது. கட்டக் கட்ட அசல் வளரும்.

பல வங்கிகள் அப்போது தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டின. மாதம் வங்கிக் கணக்கிலிருந்து போகும் தொகை மாறவில்லை, எனவே வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஐம்பத்தைந்து வயதில் முடியும் என்று எண்ணியிருந்த கடன் எழுபதைத் தாண்டியிருப்பது, ஏதோ காரணத்துக்காக அறிக்கை எடுத்துப் பார்த்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது. 2023 ஆகஸ்ட் 18-இல் ரிசர்வ் வங்கி தலையிட்டது. வட்டி மாறும்போது தவணையும் காலமும் எப்படி மாறுகின்றன என்று சொல்ல வேண்டும். தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்ற தேர்வைக் கடன் வாங்கியவருக்கே கொடுக்க வேண்டும். வங்கியின் கொள்கைப்படி நிலையான வட்டிக்கு மாறவும், எந்த நேரத்திலும் பகுதியாகவோ முழுதாகவோ கட்டவும் வழி இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதுவரை வசூலான அசல், வட்டி, மீதித் தவணைகளைக் காட்டும் அறிக்கையும் தர வேண்டும். இந்தக் காலாண்டு அறிக்கையைப் பெரும்பாலானோர் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

2025-இல் காற்று எதிர்த்திசையில் அடித்தது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என்று நான்கு முறை இறங்கி ரெப்போ 5.25 சதவீதத்துக்கு வந்தது. வலியே இல்லாமல் கடனைக் குறைக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நம் திருச்சிக் குடும்பத்தின் வட்டி தொடக்கத்திலேயே 8.5-இலிருந்து 7.25-ஆக இறங்கிவிட்டதாக வைத்துக்கொண்டால், புதிய தவணை 31,615 ரூபாய். மாதம் மூவாயிரம் மிச்சம் என்று அதை ஏற்றுக்கொள்ளலாம். அல்லது பழைய 34,713 ரூபாயையே தொடர்ந்து கட்டலாம். அப்படிக் கட்டினால் 240 மாதம் 198 மாதமாகிவிடும். ஏற்கெனவே பழகிப்போன தொகை என்பதால் சாப்பாட்டிலோ பள்ளிக் கட்டணத்திலோ கை வைக்க வேண்டியதில்லை.

வட்டி இறங்கிய பிறகும் தங்கள் வட்டி மட்டும் இறங்காமல் இருப்பவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 2016-க்குப் பின் வந்த எம்.சி.எல்.ஆர். முறையிலோ, அதற்கும் முந்தைய அடிப்படை வட்டி முறையிலோ இன்னமும் கடன் ஓடிக்கொண்டிருக்கலாம். வீட்டுவசதி நிறுவனங்கள் தங்களுக்கென வேறு அளவுகோல் வைத்திருக்கின்றன. ஒரே நிறுவனத்தில் புது வாடிக்கையாளருக்கு ஒரு வட்டி, பத்தாண்டுப் பழைய வாடிக்கையாளருக்கு அதைவிட ஒரு சதவீதம் கூடுதல் என்பதெல்லாம் சகஜம். எழுதிக் கேட்டு, சிறு கட்டணம் கட்டினால் மாற்றித் தருவார்கள். தராவிட்டால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். கூடுதல் பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய வேலை இது. வட்டியைக் குறைக்கக் கேட்காமல், மிச்சம் பிடித்த போனஸைக் கொண்டுபோய்க் கட்டுவதில் பாதிப் பயன் வீணாகிறது.

கட்டும்போதும் ஒரு கவனம் வேண்டும். பகுதிப் பணம் கட்டியதும், ‘தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா’ என்று கேட்பார்கள். சில இடங்களில் கேட்காமலே தவணையைக் குறைத்துவிடுவார்கள். வேறு சில இடங்களில் கூடுதல் பணத்தை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணம் என்று வரவு வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் அது அசலைத் தொடவே இல்லை. ‘இந்தத் தொகையை அசலில் கழிக்கவும், தவணை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்’ என்று எழுத்தில் கொடுத்து, திருத்திய தவணை அட்டவணையைக் கையில் வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு. வேலை நிச்சயமில்லாதவர்களுக்கும், வீட்டில் ஒரு சம்பளம் நிற்கப் போகிறவர்களுக்கும் தவணையைக் குறைத்துக்கொள்வதே புத்திசாலித்தனமாக இருக்கலாம். அவர்களுக்கு மொத்த வட்டியைவிட மாதாந்தர மூச்சு முக்கியம்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். ஒரு வங்கியில் 8.5 சதவீதத்துக்குக் கடன் வாங்கிவிட்டு, அதே வங்கியில் 6.5 சதவீதத்துக்கு வைப்புநிதி போட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். தங்கள் பணத்தையே இரண்டு சதவீதம் கூடுதலாகக் கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். வைப்புநிதி வட்டிக்கு வருமான வரி வேறு உண்டு. 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, கூடுதல் தீர்வையையும் சேர்த்தால், 8.5 சதவீதக் கடனை அடைப்பதற்கு ஈடாக ஒரு வைப்புநிதி 12.35 சதவீதம் தர வேண்டும். அப்படி ஒரு வைப்புநிதியை யாராவது விளம்பரப்படுத்தினால் காவல் நிலையத்தில் சொல்வதே நல்லது; தமிழ்நாட்டுக்கு அந்த அனுபவம் போதிய அளவு உண்டு.

பி.பி.எஃப். 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம், வரி இல்லை. எட்டரைக் கடனோடு ஒப்பிட்டால் தோற்கிறது. ஏழேகால் கடனோடு ஏறக்குறையச் சமம். தொழிலாளர் வருங்கால வைப்புநிதியின் கதை வேறு. 2023-24-இலும் 2024-25-இலும் அது 8.25 சதவீதம் கொடுத்தது. வீட்டுக் கடன் அடைப்பதற்கென்று பி.எஃப். பணத்தை எடுக்க விதி இடம் தருகிறது என்பதால், ‘சும்மா கிடக்கும் பணம்தானே’ என்று பலர் எடுத்துக் கட்டுகிறார்கள். ஏழரை சதவீதக் கடனை அடைக்க எட்டேகால் சதவீதச் சேமிப்பை உடைப்பது கூட்டல் கணக்கிலேயே தோற்கும் காரியம். அது போதாதென்று ஓய்வுக்காலமும் வெறுங்கையாகிறது.

வருமான வரிச் சலுகைக்காகக் கடனை அடைக்காமல் வைத்திருப்போர் ஒரு தனிச் சாதி. பழைய வரி முறையில், தானே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிக்கலாம். திருச்சிக் குடும்பத்தின் முதலாண்டு வட்டி 3 லட்சத்து 37 ஆயிரம். கடன் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், மேலே நிற்கும் 1 லட்சத்து 37 ஆயிரத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை. அந்தப் பகுதியைக் கரைப்பதற்கு வரியைக் காரணம் காட்டித் தயங்க வேண்டியதில்லை. வீடும் கடனும் இருவர் பெயரிலும் இருந்தால் ஆளுக்கு 2 லட்சம் என்பதால் கணக்கு மாறும். 2023-24 நிதியாண்டு முதல் இயல்பான முறையாகிவிட்ட புதிய வரி முறையிலோ, குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவே கிடையாது. புதிய முறைக்கு மாறிவிட்டு, ‘டாக்ஸ் பெனிஃபிட் போய்விடுமே’ என்று இன்னமும் கடனைக் கட்டிக்காப்பவர்கள் இல்லாத சலுகைக்கு வட்டி கட்டுகிறார்கள். முப்பது சதவீத வரிச்சலுகை முழுதாகக் கிடைத்தாலும்கூட, வங்கிக்கு நூறு ரூபாய் கொடுத்து அரசிடமிருந்து முப்பது ரூபாய் திரும்ப வாங்குகிறோம். எழுபது ரூபாய் போனது போனதுதான்.

பரஸ்பர நிதியில் போட்டால் பன்னிரண்டு சதவீதம் வருமே என்ற கேள்வி இளைஞர்களிடமிருந்து கட்டாயம் வரும். வரலாம். நீண்ட காலத்தில் பங்குச் சந்தை கடன் வட்டியைத் தாண்டியிருக்கிறது. ஆனால் ஒன்று உறுதியானது, மற்றது எதிர்பார்ப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எண்ணை மட்டும் ஒப்பிடக் கூடாது. 2020 மார்ச்சில் சந்தை ஒரே மாதத்தில் விழுந்தபோது மாதாமாதம் போட்டுவந்த எஸ்.ஐ.பி.யை நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்று அவரவர் அலுவலகத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். கட்டிய அசல் எந்தச் சரிவிலும் திரும்ப ஏறுவதில்லை. முப்பது வயதில், வேலை உறுதியாக உள்ள ஒருவர் இரண்டிலும் பாதிப் பாதி போடுவதைத் தவறென்று சொல்ல முடியாது. ஐம்பது வயதுக்காரருக்கு அதே அறிவுரை பொருந்தாது.

கடனை அடைப்பதே எப்போதும் சரி என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் கதை நல்ல மருந்து. அங்கே முப்பது ஆண்டுக்கு மாறாத வட்டியில் வீட்டுக் கடன் கிடைக்கும். 2021 ஜனவரியில் அதன் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. 2023-இல் அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரமே 5 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது. 2.65 சதவீதக் கடனை ஓடி ஓடி அடைத்தவர், தனக்குச் சும்மா கிடைத்த லாபத்தைத் தூக்கிக் கொடுத்தார். பிரிட்டனில் நிலைமை மூன்றாவது மாதிரி. இரண்டு அல்லது ஐந்து ஆண்டுக்கு வட்டியை நிலைநிறுத்திக் கடன் கொடுப்பார்கள்; அந்தக் காலத்துக்குள் பெரும்பாலான வங்கிகளில் ஆண்டுக்குப் பாக்கியில் 10 சதவீதம் வரை கூடுதலாகக் கட்டலாம், தாண்டினால் கட்டணம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்கிய தமிழர் இந்தப் பத்து சதவீதத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பார். நமக்கு இப்போது அப்படி ஓர் எல்லை இல்லை.

திரும்ப எடுக்க முடியாத சேமிப்பு என்று முன்பே சொன்னது விளையாட்டல்ல. கையிலிருந்த மூன்று லட்சத்தையும் கடனில் கொட்டிவிட்டு, அடுத்த மாதம் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்றால், வங்கி அந்தப் பணத்தைத் திருப்பித் தராது. அப்போது நகைக் கடனுக்கோ, 14 சதவீதத் தனிநபர்க் கடனுக்கோ, அதற்கும் கீழே இறங்கிக் கந்து வட்டிக்கோதான் போக வேண்டியிருக்கும். எட்டரையை அடைக்கப் போய்ப் பதினாலில் விழுவது. ஆறு மாதக் குடும்பச் செலவும் தவணையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி இருந்த பிறகுதான் அசல் பக்கம் போக வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர்க் கடன் எதுவானாலும் வட்டி கூடிய கடன் முதலில். குடும்பத் தலைவர், தலைவி இருவருக்கும் மருத்துவக் காப்பீடும், கடன் அளவுக்காவது டெர்ம் காப்பீடும் இல்லாமல் கூடுதல் தவணை கட்டுவது வரிசையை மாற்றிப் போடுவதாகும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடையும் இருக்கிறது. கிளைகளில் தாமாக அதிகம் சொல்லமாட்டார்கள். ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெய்ன் போன்ற கடன்கள் ஓவர்டிராஃப்ட் கணக்காக ஓடுகின்றன. உபரிப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டு வைத்தால், அது இருக்கும் நாள்வரை அந்த அளவுக்கு வட்டி ஏறாது, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். இதற்கான வட்டி சாதாரணக் கடனைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். எனவே எப்போதும் இரண்டு மூன்று லட்சம் கையில் வைத்திருக்கும் வியாபாரிக்கும் மருத்துவருக்கும் இது லாபம். மாதக் கடைசியில் கணக்கு காலியாகும் சம்பளக்காரருக்கு அந்தக் கூடுதல் வட்டி வெறும் செலவு. இன்னொரு ஆபத்தும் உண்டு: எடுக்க முடியும் என்றால் எடுத்துவிடுவார்கள். கார் வாங்கும் ஆசைக்குப் பூட்டு இல்லாத பெட்டி அது.

கூடுதல் பணம் எங்கிருந்து வரும்? அரசு ஊழியருக்கு அகவிலைப்படி நிலுவையும், ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பெறும் தொகையும், தொழிலாளிக்குத் தீபாவளி போனஸும், மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவருக்கு ஆண்டு ஊக்கத்தொகையும் மொத்தமாக வரும் பணங்கள். மாதச் செலவில் அவற்றுக்கு இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை என்பதுதான் அவற்றின் பெருமை. வந்த வாரத்திலேயே அசலுக்கு அனுப்பினால் உண்டு. ஒரு மாதம் சேமிப்புக் கணக்கில் தங்கினால் அது சோஃபாவாகவோ போனாகவோ மாறிவிடும். சீட்டு எடுத்துக் கட்டலாமா என்று கேட்பவர்கள், தள்ளுபடி கொடுத்து எடுப்பதால் இழக்கும் தொகையை முதலில் வட்டியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தொடக்க மாதங்களில் பெருந்தள்ளுபடியில் எடுக்கும் சீட்டு பெரும்பாலும் வீட்டுக் கடனைவிட விலை கூடியது. கடைசிச் சீட்டு எடுப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

மத்திய அரசு ஊழியர்களில் வீடு கட்டும் முன்பணம் வாங்கியவர்கள் மேலே சொன்ன எந்தக் கணக்கையும் அப்படியே தங்களுக்குப் பொருத்தக் கூடாது. அங்கே தனிவட்டிதான், அசலை 180 தவணைக்குள் முதலில் பிடித்துவிட்டு, வட்டியைப் பின்னால் 60 தவணைக்குள் பிடிப்பார்கள். முதல் தவணையிலிருந்தே முழுத் தொகையும் அசலைத் தொடும் கடன் அது. வங்கிக் கடனும் முன்பணமும் சேர்த்து வைத்திருப்பவர், உபரியை வங்கிப் பக்கம் திருப்புவதே பெரும்பாலும் நல்லது.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி அலைச்சல் அதன் பிறகுதான். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கும் முறையை 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் கல்கத்தா, மதராஸ், பம்பாய் போன்ற சில நகரங்களில் மட்டுமே பெயர் சொல்லி அனுமதித்தது. மற்ற நகரங்களை அரசு அறிவித்துச் சேர்த்துக்கொள்ளலாம். இன்று தமிழ்நாட்டில் இந்த ஒப்படைப்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது, எம்.ஓ.டி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். வில்லங்கச் சான்று போட்டால் அந்தக் கடன் அதில் நிற்கும். வங்கிக்குக் கட்டி முடித்தாலும் அது தானாகப் போகாது. வங்கி அலுவலர் கையெழுத்திட்டு, ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் கடன் தீர்ந்தது என்று பதிவேடு சொல்லும். பத்தாண்டு கழித்து வீட்டை விற்கப் போகும்போது இது விட்டுப்போனது தெரிந்து, இணைந்துபோன வங்கியின் பழைய கிளையைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள்.

மூலப் பத்திரங்களைத் திருப்பித் தருவதற்கும் இப்போது கெடு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் 13 சுற்றறிக்கையின்படி, கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் எல்லா அசல் ஆவணங்களையும் கொடுத்துவிட வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் தொலைந்தாலோ சேதமானாலோ, நகல் ஆவணம் பெற வங்கி உதவுவதோடு அந்தச் செலவையும் ஏற்க வேண்டும். அதற்காக மட்டும் மேலும் 30 நாள் அவகாசம். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கடன் வாங்கிய நாளில் ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலை வங்கி முத்திரையோடு வாங்கி வைத்திருந்தால், தாய்ப்பத்திரம் முதல் வரைபடம் வரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்கலாம். அந்தப் பட்டியல் இல்லாதவர்கள் இன்றைக்கே போய்க் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கடன் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு சில்லறை வேலைகள். கடனோடு ஒரே தவணையாகப் பிரீமியம் கட்டிக் காப்பீடு எடுத்திருந்தால், கடன் முன்கூட்டி முடியும்போது மீதிக் காலத்துக்கான தொகையில் ஒரு பகுதி பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். கேட்டவர்களுக்கே கொடுக்கிறார்கள். சம்பளக் கணக்கிலிருந்து தானாகத் தவணை பிடிக்கும் நாச் உத்தரவையும் ரத்து செய்ய வேண்டும். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் கடன் ‘முடிந்தது’ என்று ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வில்லங்கச் சான்றும் ஒன்று போட்டு, ரசீது ஆவணத்தின் எண் அதில் இருப்பதை உறுதி செய்துகொள்ளலாம்.

இனி கேள்விகளுக்குப் போகலாம்.